சுப்புராயன் பெற்ற சமூகப் பயன்

சமூக ஊடக நற்பயன் இயக்ககம் பாகூர் பக்கம் கிளை திறந்தபோது, அதற்குக் கிடைத்த இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். அதனால் அதிகாரிகள் எல்லாரும் நீளமான பந்தி மேசைகளில் ஒரே பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். மனு கொண்டுவந்தவர்கள் எதிரில் நின்றார்கள், சாம்பார் ஊற்ற வந்தவர்கள் மாதிரி. சுவரோரம் வரிசையாகக் கைகழுவும் குழாய்கள். ஒவ்வொரு கோப்பிலும் கையெழுத்துப் போட்டதும் அதிகாரிகள் எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு வந்து உட்காருவார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இடத்தின் ராசி.

இயக்ககத்தின் நோக்கம் உயர்வானது. செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொரு குடிமகனுக்கும் அதனால் நாலு மனுஷரிடம் என்ன நன்மை கிடைக்கிறது என்று அளப்பது. கிடைக்காதவனுக்குக் கிடைக்கச் செய்வது. அப்படியும் கிடைக்காவிட்டால் எண்ணைத் துண்டிப்பது. நட்பு, மரியாதை, உறவு, ஆறுதல் என்று நான்கு நன்மைகள். முப்பது நாளில் நான்கிலும் சேர்த்து அறுபது மதிப்பெண் எடுத்தால் பச்சை அட்டை.

இந்த நன்மை எல்லாருக்கும் ஒன்றுபோலக் கிடைப்பதில்லை, ஆளின் சுபாவத்தையும் அவன் வளர்ந்த கலாச்சாரத்தையும் பொறுத்தது என்று மேலிடத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடிப்பில் தப்பே இல்லை. அதைப் பதினேழு பக்கப் படிவமாக அச்சடித்தார்களே, அங்கேதான் கிருமாம்பாக்கம் சுப்புராயன் மாட்டிக்கொண்டார்.

சுப்புராயனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கரும்பு வெட்டுவார். வெட்டில்லாத நாளில் பிறத்தியார் நிலத்துக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் கட்டுவார். ஒரு நாளைக்குப் பதினோரு வார்த்தை பேசுவார். அதில் நாலு மோட்டாருக்கு. அவருக்கு வாய்த்த மனைவி செல்வகுமாரி இன்னும் சிக்கனம். அவள் ஆறு வருஷமாகக் குவைத்தில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்கிறாள். தினமும் காலையில் சுப்புராயன் கண்ணில் படுகிற எதையாவது போட்டோ பிடித்து அவளுக்கு அனுப்புவார். மடையில் நிற்கும் கொக்கு. அறுந்த செருப்பு. அவளும் பதிலுக்கு ஒரு போட்டோ அனுப்புவாள். டீ கிளாஸ், ஜன்னல், அந்த அம்மாளின் மருந்து டப்பா. எழுத்து கிடையாது, குரல் கிடையாது. இருவருக்கும் குடும்பம் என்பது அதுதான், வேறெதுவும் இல்லை. அந்த எண்ணைத் துண்டித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டதும் சுப்புராயன் கொளுத்தும் வெயிலில் பாகூருக்கு சைக்கிள் மிதித்தார்.

அவருடைய படிவத்தை நிரப்பியவர் அரிகரன் என்ற ஆளுமை ஆய்வாளர். தேய்த்த சட்டை, கழுவிய கை.

"நீங்க தனிநபர் கலாச்சாரமா, கூட்டுக் கலாச்சாரமா?"

"வூட்ல தனியாதான் இருக்கேன் சார். அது குவைத்துல இருக்குது."

அரிகரன் 'தனிநபர்' என்று குறித்தார். "உங்க வூட்ல ஒரு கல்யாணம்னா எத்தினி பேரு வருவாங்க?"

"ஊரே வரும்."

அரிகரன் 'கூட்டு' என்றும் குறித்தார். "புது ஆளப் பாத்தா நீங்களாப் போயி பேசுவீங்களா?"

சுப்புராயன் யோசித்தார். அரிகரன் மணி பார்த்தார். நாற்பது விநாடி ஆனதும் பேனாவை எடுத்தார். "பதில் வேணாம். பதில் வந்துட்டுது."

முடிவு மாலையில் ஒட்டப்பட்டது. கூட்டுக் கலாச்சாரத்தில் அமைதி ஆளுமை. அந்த வகைக்குப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் தனிப்பெயர் இருந்தது: பயனிலி. மதிப்பெண் பூஜ்யம்.

"தெனம் போட்டோ அனுப்புறேனே சார்."

"வார்த்தை இல்லாத தொடர்புக்கு மதிப்பெண் இல்லைங்க. முப்பது நாள் இருக்குது. ஊரு குரூப்புல சேந்து நாலு பேருகிட்ட பழகுங்க." அரிகரன் அன்பாகத்தான் சொன்னார். பிறகு கைகழுவப் போனார்.

பழகச் சொல்லிக்கொடுக்க தையலம்மாளை நியமித்தார்கள். மகளிர் குழுத் தலைவி, 'கிருமாம்பாக்கம் சொந்தங்கள்' குரூப்பின் அட்மின், பேச ஆரம்பித்தால் கடலூர் போகும் பஸ் போய்த் திரும்பி வந்தாலும் முதல் விஷயத்திலேயே இருப்பவர். தினமும் ரோஜாப்பூ போட்ட நாற்பத்தொரு காலை வணக்கம் அனுப்பி, மாவட்டத்திலேயே முதலாவதாகப் பச்சை அட்டை வாங்கியிருந்தார்.

"இன்னா சுப்புராயா, இதுல இன்னா கஷ்டம்? யாரு இன்னா போட்டாலும் ஒரு கட்டை வெரலத் தூக்கி உட்டுடு. அவன் நெனச்சிக்குவான், சுப்புராயன் நம்மள மதிக்கிறான்னு. அவ்ளோதாண்டா உலகம்."

"யாரு இன்னா போட்டாலுமாக்கா?"

"யாரு இன்னா போட்டாலும்."

மறுநாள் காலை குழந்தைவேல் குரூப்பில் எழுதினார்: 'எங்கள் தகப்பனார் இன்று விடியற்காலை இறைவனடி சேர்ந்தார்.' சுப்புராயன் முழு மரியாதையோடு கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்.

அரை மணியில் குழந்தைவேல் இரண்டு தம்பிகளோடு வாசலில் நின்றார். "இன்னாய்யா, எங்கப்பன் செத்தது உனக்கு சூப்பரா? சொல்லு, சூப்பரா?"

சுப்புராயன் பதினோரு வார்த்தையையும் ஒரே மூச்சில் செலவழித்தும் போதவில்லை. இருபது மதிப்பெண் கழிக்கப்பட்டது. பூஜ்யத்திலிருந்து எப்படிக் கழிப்பது என்று அரிகரன் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பூஜ்யத்துக்குக் கீழே போவதற்கு ஒன்றும் தடையில்லை என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு சுப்புராயன் குரூப்பைத் தொடவே பயந்தார். தையலம்மாளின் காலை வணக்கங்கள் நூற்று இருபத்து மூன்றைத் தொட்டன. மூன்று நாள் அவர் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. செல்வகுமாரிக்கு மட்டும் போட்டோ போய்க்கொண்டிருந்தது.

நாலாம் நாள் காலை ஒருவர் குரூப்பில் கேட்டார்: 'சுப்புராயன் அண்ணனக் காணோமே?' அடுத்தவர், கேட்டவர் ஏதோ தெரிந்துதான் கேட்கிறார் என்று நினைத்து, 'ஐயோ' என்று போட்டார். மூன்றாவது ஆள் 'ஐயோ'வைப் பார்த்து, 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு: இரங்கலில் நாம் பிந்திவிடக் கூடாது. பந்தலுக்கு முதல் நாற்காலி யார் அனுப்பினார்கள் என்பதை மூன்று தலைமுறை நினைவு வைத்திருக்கும் ஊர் இது. இரண்டு மணி நேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு இரங்கல்.

அந்த நேரத்தில் சுப்புராயன் டீக்கடையில் இருந்தார். பக்கத்தில் செல்லப்பன் உட்கார்ந்து போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். சுப்புராயன் எட்டிப் பார்த்தார். 'நல்ல மனிதர். ஈடுசெய்ய முடியாத இழப்பு.'

"யாருப்பா?"

"நீதாண்ணே."

"நான் இங்கதான இருக்கேன்?"

"அது தெரியும்ணே." செல்லப்பன் தலை நிமிராமலே சொன்னார். "எல்லாரும் போட்டுட்டாங்க. நான் மட்டும் போடலன்னா நல்லாருக்காது. நாளைக்கி ஒண்ணுன்னா உன் மூஞ்சில எப்டி முழிக்கிறது?" அனுப்பிவிட்டு, சுப்புராயன் குடித்த டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். அதுவரை செய்ததில்லை.

மத்தியானம் அரிகரன் பைக்கில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"சுப்புராயன் சார், நானூத்திப் பன்னெண்டு! கழிச்சது போவ முன்னூத்தித் தொண்ணூத்திரெண்டு! பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், எங்கயும் இந்த மார்க்கு இல்ல. ஆறுதல் பிரிவுல நீங்கதான் முதலிடம்." பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

அட்டையில் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று இருந்தது.

"சார், நான் சாவலியே."

"அது உங்க சொந்த விஷயங்க. அதுல நாங்க தலையிட மாட்டோம்." அரிகரன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு சின்ன மாத்தம். இரங்கல்ல மார்க் எடுத்தவங்க நம்பர் நினைவுக் கணக்கா மாறிடும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். உங்க பேர்ல நாங்களே எல்லார்க்கும் பதில் போட்டுடுவோம். நீங்க போட்டதவிட நல்லாவே போடுவோம்."

"எம்பொண்டாட்டிக்கி?"

"அவங்களுக்குத்தான் மொதல்ல."

சுப்புராயன் போனை எடுத்துப் பார்த்தார். அது அவரைத் திறக்க விடவில்லை. ஆனால் திரையில் செய்திகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. 'என் இனிய செல்வகுமாரி, நான் இங்கே நலம். இங்கே வெயில் இல்லை. உன் ஆறுதலான வார்த்தைகளை எதிர்பார்க்கிறேன்.' ஆறு வருஷத்தில் அவர் எழுதிய முதல் கடிதம். கீழே செல்வகுமாரி அனுப்பிய போட்டோ ஒன்று வந்தது. வெறும் தரை. சாய்ந்து, கலங்கலாக இருந்தது.

அவர் தையலம்மாள் வீட்டுக்கு ஓடினார். ஓடி யாரும் பார்த்ததில்லை. "அக்கா, போன் குடுக்கா. அதுகிட்ட நான் இருக்கேன்னு சொல்லணும்."

தையலம்மாள் நல்ல மனசுக்காரி. உடனே எண்ணைப் போட்டுக் கொடுத்தார். மறுமுனையில் செல்வகுமாரி எடுத்தாள். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. சுப்புராயன் "ம்..." என்றார். அப்படியே கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். ஆனால் தையலம்மாளுக்குச் சும்மா இருக்கிற போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிடுங்கிக் காதில் வைத்தார்.

"செல்வி! அழாதடி! அழாதடி என் கண்ணு! நல்ல சாவுடி, ஒரு நாளு கெடையில வுழல, யாருக்கும் பாரமா இல்ல, இன்னா மனுஷன்டி..." என்று கண்ணீர் ஊற்ற, மூன்று நிமிஷம் முழுசாகச் சொல்லி முடித்தபோது லைன் அறுந்திருந்தது.

"அக்கா!" என்றார் சுப்புராயன்.

தையலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "வாயில வந்துட்டுதுடா. பழக்கம்."

திரும்பப் போட்டார்கள். எடுக்கவில்லை. சாயங்காலம் எல்லா வீட்டுக்கும் தகவல் வந்தது: நினைவுக் கணக்கு உடையவர்களுடன் நேரில் உரையாடுவது, அவர்களுக்குக் கைபேசி தருவது, சொந்தங்களின் ஆறுதலைக் குலைக்கும் செயல், ஒரு தடவைக்கு ஐந்து மதிப்பெண் கழியும். அதற்கு மேல் ஊரில் ஒரு போனும் சுப்புராயனுக்குக் கிடைக்கவில்லை. கடைக்காரர் பீடிக்கட்டை மேசையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

ரத்து செய்யச் சொல்லிச் சுப்புராயன் மண்டபத்துக்குப் போனார். அரிகரன் பொறுமையாகச் சொன்னார்: "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு வச்சிக்குவோம். அப்ப நானூத்திப் பன்னெண்டு பேரு பொய் சொன்னதா ஆவுது. ஒரு ஆளுக்காவ ஊரயே பொய்யங்கன்னு சொல்றது எந்தக் கலாச்சாரம் சார்?"

சுப்புராயன் அங்கேயே நின்றார். கூடத்தில் இருந்த அத்தனை அதிகாரிகளும் ஒரே நேரத்தில் எழுந்து கைகழுவப் போனார்கள்.

கடலூர் ரோட்டு முனையில் பேனர் ஏறியது. கண்ணீர் அஞ்சலி. ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கியதில் சுப்புராயன் முகம் புகை மாதிரி இருந்தது. பக்கத்தில் சிறகு தேய்ந்த இரண்டு புறா. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலோரம் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்கள். பேனருக்குக் கீழே நின்று சுப்புராயன் பஸ்ஸுக்குக் கைகாட்டியபோது நிறுத்தாமல் போனார்கள்.

ஒரு வாரத்துக்குள் இன்னும் மூன்று பேனர். இரண்டில் பேசாத ஆட்கள். ஏரிக்கரை ஓரம் மாடு மேய்க்கிற ஒருவர், பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற ஒருவர். மூன்றாவது பேனரில் டீக்கடை செல்லப்பன். அவர் பேசுகிற ஆள்தான். இரண்டு நாள் காய்ச்சலில் போனை எடுக்காமல் படுத்துவிட்டார். பேனரைப் பார்த்தார்கள். பிறகு ஆளைப் பார்க்கவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்றார்கள். கேட்டுப் பார்க்கலாம்தான். ஐந்து மதிப்பெண் போகும்.

அப்புறம் ஊர் பேச ஆரம்பித்தது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறவர்கள் கிருமாம்பாக்கம் வந்து காதால் கேட்டுக்கொள்ளலாம். நாற்று நடுகிற பெண்கள் குனிந்தபடியே ஒருவருக்கொருவர் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். ஆண்கள் எருமையிடம் நலம் விசாரித்தார்கள். மௌனம் கலைக்க ஆளில்லாத வீடுகளில் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்கள். கைக்குழந்தை தூங்கினால் கிள்ளி எழுப்பினார்கள். சிரிப்புச் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. சிரிக்கிற முகங்களில் மட்டும் கண் கதவுப் பக்கமே இருந்தது, எவனாவது படிவத்தோடு வருகிறானா என்று.

பதினாறாம் நாள் மண்டபத்தின் மேடையில் படத்திறப்பு. இயக்குநரே வந்தார். சுப்புராயனுக்கு மூன்றாம் வரிசையில் இடம் கொடுத்தார்கள்; நாற்காலி முதுகில் 'அமரர்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அவர் ஓடிவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் இரண்டு பேர், மிகவும் மரியாதையாக.

இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"அன்புச் சொந்தங்களே, ஒரு உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன். எட்டு மாதமாக அமைதியானவர்களுக்கு நட்புப் பிரிவில் எங்களால் ஒரு மதிப்பெண் உருவாக்க முடியவில்லை. மரியாதைப் பிரிவிலும் இல்லை. எங்கே தவறு என்று ஆராய்ந்தோம். தவறு எங்களிடம் இல்லை என்று தெரிந்தது. இந்த மண்ணில் உயிரோடு இருக்கிறவனை யாரும் புகழ்வதில்லை. வாயில்லாதவனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆனால் அவன் போய்விட்டால்? தங்கமான மனுஷன்! இதை நாங்கள் குறையாகப் பார்க்கவில்லை. வளமாகப் பார்க்கிறோம்."

கைதட்டல். நிறுத்தினால் யார் முதலில் நிறுத்தியது என்று தெரிந்துவிடும் என்பதால் வெகுநேரம் தட்டினார்கள்.

"அமைதியானவர்களை மாற்ற முயன்றோம். வீண் உழைப்பு. இனி மாற்றப் போவதில்லை. அவர்கள் இருக்கிறபடியே எடுத்துக்கொள்வோம். இந்த ஆண்டு நம் கொம்யூன் பஞ்சாயத்துக்கு இலக்கு நூற்று நாற்பது அமரர்கள். மேலிடத்தில் பெயர்ப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒத்துழைப்பீர்கள் என்று தெரியும். உங்களை எங்களுக்குத் தெரியும்."

படத்தின் துணியை விலக்கினார். அப்போதுதான் பின்பக்கக் கதவில் செல்வகுமாரி நின்றாள். மீனம்பாக்கத்தில் இறங்கி நேராக வந்திருந்தாள். கையில் ஒரு பெட்டி, அதில் விமானக்காரன் ஒட்டிய சீட்டு. துக்கத்துக்கு என்று எஜமானி வீட்டில் அவளை அனுப்பி வைத்திருந்தார்கள். கூட்டம் அவளைப் பார்த்து ஒரே குரலில் அழுதது.

அவள் மேடையில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். அழுகிறவர்களை விலக்கிக்கொண்டு வந்து, சுப்புராயன் முன்னால் நின்று, அவருடைய சட்டையைத் தொட்டாள்.

"பட்டன் எங்க?"

"வுழுந்துட்சி."

அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த காவல் ஆளை எழச் சொல்லாமலே எழ வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சுப்புராயனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சுப்புராயன் பதினாறு நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார். இருவரும் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கத்திக்கொண்டிருந்த அந்தக் கூடத்தில் அவர்களைச் சுற்றி மட்டும் நாலடிக்குச் சத்தமே இல்லை.

அந்த நாலடியை அரிகரன் கவனித்துவிட்டார். கையில் படிவத்தோடு வந்தார்.

"அம்மா, ரொம்ப சந்தோஷம். உங்க கணவர் உயிரோட இருக்காருன்னு நீங்க இங்க எல்லார்க்கும் எடுத்துச் சொல்லலாம். ஒரு நாலு வார்த்த. மைக் தரேன். சொன்னா பரிசீலிப்போம்."

மைக் நீட்டப்பட்டது. கூடம் அடங்கியது. செல்வகுமாரி மைக்கைப் பார்த்தாள், அரிகரனைப் பார்த்தாள், சுப்புராயனைப் பார்த்தாள். இதோ இருக்கிற ஆளை இருக்கிறார் என்று என்னத்தைச் சொல்வது என்று அவளுக்கு விளங்கவில்லை. வாயைத் திறந்தாள். மூடினாள்.

"சொல்லு," என்றார் சுப்புராயன், மெதுவாக. "செல்வி, எதனா சொல்லு."

அரிகரன் மணி பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது விநாடி. முப்பத்தைந்து. "இதோ இருக்குதே," என்றாள் அவள். மைக்குக்கு எட்டவில்லை. நாற்பது.

அரிகரன் பேனாவை எடுத்து ஒரே ஒரு கட்டத்தில் குறித்தார். பின்வரிசையில் ஒரு போன் அதிர்ந்தது. அடுத்து அதன் பக்கத்தில் ஒன்று. பிறகு கூடம் முழுக்க, மேசைகளின் மேலும் மடிகளின் மேலும், வண்டுக் கூட்டம் கிளம்பிய மாதிரி. எல்லாரும் குனிந்தார்கள்.

தையலம்மாள் செல்வகுமாரிக்கு எதிரில், முழங்கால் இடிக்கிற தூரத்தில் நின்றிருந்தார். திரையைப் படித்தார். கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, செல்வகுமாரியின் கன்னத்தை ஒரு தடவை தடவிக் கொடுத்தார்.

"தங்கமான பொம்பளடி," என்று சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். முதல் ஆளாக.